சோறு போடுகாளா?

நாகர்கோவிலில் வக்கீலுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோர்ட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால் போதும். சாயாக்கடைக்கு மேலே ஒரு வக்கீல், செருப்புக்கடைக்குப் பின்னால் ஒரு வக்கீல், ஜெராக்ஸ் கடை மாடியில் மூன்று வக்கீல் என்று பலகை தொங்கும். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, பக்கத்து வீட்டு ஓட்டில் தென்னை மட்டை விழுந்த தகராறு, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. ஆனாலும் ஆடி பிறந்த அந்த வாரத்தில் பகவதியப்பனுக்கு ஒரு வக்கீல் கிடைப்பதற்குள் அவருடைய தங்கை முத்துக்கனிக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

முத்துக்கனி தோவாளைப் பூச்சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறவள். விடியற்காலம் பிச்சியும் மல்லியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கட்ட உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை தலை நிமிர முடியாது. புருஷன் போய்ச் சேர்ந்து ரொம்பக் காலம் ஆயிற்று, பிள்ளை குட்டி இல்லை, வாய் மட்டும் உண்டு. சந்தையில் அந்த வாய்க்குப் பயப்படாத வியாபாரி கிடையாது. அண்ணன் பகவதியப்பன் நேர் எதிர். சுசீந்திரம் பக்கத்து அரிசி மில் ஒன்றில் நெல் அவித்தே ஆயுசைக் கழித்தவர். உள்ளதை உள்ளபடி சொல்லுவார், அதுவும் கேட்டால்தான் சொல்லுவார். ஆவியிலும் புகையிலும் நின்று கெட்டதோ, கண்ணில் பிரஷர் ஏறிக் கெட்டதோ, இப்போது இரண்டு கண்ணும் ஏறக்குறைய அவிந்துவிட்டன. வெளிச்சம் தெரியும், நிழல் ஆடுவது தெரியும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் அவரைப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. எழுந்ததும் கிழக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டு கிணற்றடிக்கு நேராக நடந்து போவார். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று விளிம்பைத் தொட்டே சொல்லுவார். கொல்லையில் ரசகதலி வாழை குலை தள்ளியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், விழுந்த தென்னை மட்டையை இழுத்து வந்து முடைந்து போடுவார், மழை வந்தால் எல்லோருக்கும் முன்னே ஓடிப் போய் ஜன்னலை அடைப்பார். சுவரும் நடையும் தூணும் அவர் கைக்கு மனப்பாடம். அந்த வீட்டில் அவர் கண் தெரிந்த மனுஷன். தெருவில் இறங்கினால்தான் குருடர்.

அந்த வீட்டைத்தான் மகன் முருகதாஸ் விற்கப் போகிறான். ஷார்ஜாவில் எலெக்ட்ரீஷியன் வேலை. மகளை நாகர்கோவிலில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, பெண்டாட்டி ஆதிராவுக்கு அங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையும் கிடைத்தாயிற்று. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வர முடியவில்லை. டவுனுக்குள் மூன்றாவது மாடியில் ஒரு பிளாட் பார்த்திருந்தார்கள். ஓணம் கழிந்ததும் வீட்டைப் பதிந்து கொடுப்பதாக ஒருவரிடம் முன்பணமும் வாங்கியாயிற்று. பகல் முழுக்கக் கண் தெரியாதவரை மாடியில் தனியே விட முடியாது, அப்பாவுக்கு ஒரு நல்ல முதியோர் இல்லம். மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும்.

"வயசான ஆளுகளுக்குன்னு தனிச் சட்டம் உண்டாம் அண்ணே. சந்தையில ஒரு டிரைவர் சொன்னான். அவனுக்க அத்தை கேஸு குடுத்து எழுதிக் குடுத்த எடத்தத் திரும்ப வாங்கிட்டாளாம். அதுக்குன்னு வக்கீலு இருக்காவளாம்," என்று முத்துக்கனி சொன்னது பஸ்ஸில் வைத்து. அவளுக்கு டிக்கெட் கிடையாது, அண்ணன் மட்டும் எடுக்க வேண்டும். கண்டக்டரிடம், "கண்ணு தெரியாத மனுசன்ட்ட காசு வாங்குகியே, இந்தத் தடிமாட்டுப் பொம்பளைக்கு ஓசியா?" என்று அவளே கேட்டாள். கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டான்.

"கேஸுன்னா மவனுக்கு மேலயா?" என்றார் பகவதியப்பன்.

"பின்ன, கலெக்டருக்கு மேலயா?"

"ஜெயில்ல கியில்ல போட்டுருவானா ஏட்டி?"

"உம்ம கொண்டு போய்ப் போடப் போறானே, அது என்னவாக்கும்?"

ஆடிக்காற்று ஜன்னல் வழியாக வீசி அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தபடி வந்தார்.

முதலில் பார்த்த வக்கீல் வயதானவர். மேசையில் கிடந்த பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்த வண்டி இடிச்சுது?" என்று கேட்டார். விபத்து கேஸ் மட்டும்தான் எடுப்பாராம்.

"பெத்த மவன் இடிச்சான் சார்," என்றாள் முத்துக்கனி.

"அதுக்கு இன்சூரன்ஸ் கிடையாதே," என்று சொல்லிவிட்டு அவர் ஏடு திருப்பினார்.

இரண்டாவது வக்கீல் நல்ல மரியாதைக்காரர். நாற்காலி போட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, முழுக்கதையையும் கேட்டார். கடைசியில்தான், "முருகதாஸா? நம்ம முருகதாஸா? அவன் நமக்கு வேண்டப்பட்ட பயல்லா. எனக்க வீட்டு வயரிங் பூரா அவன் கை வேலை. வேண்டாம் அண்ணாச்சி, நான் அவன்ட்ட பேசுகேன்," என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷன், அன்று சாயங்காலமே பேசியும்விட்டார். இந்த ஜில்லாவில் ஒருவன்மேல் வழக்குப் போட வேண்டுமென்றால் அவனுக்குச் சொந்தமில்லாத, சிநேகமில்லாத, கூடப் படிக்காத வக்கீலாகத் தேட வேண்டும். அதற்கு எல்லை தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக மாடிப்படி ஏறியபோது பகவதியப்பனுக்கு முட்டு வலித்தது. கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஷைஜா என்று பெயர். கோர்ட்டுக்கு வந்து அதிக வருஷம் ஆகாத பிள்ளை.

மகன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பத்திரத்தை ஷைஜா வாங்கி நிதானமாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "தாத்தா, கடைசி வரைக்கும் உங்கள வச்சுக் காப்பாத்தணும்னு இதுல ஒரு வரி கூட இல்லையே. எழுதினவங்க கேக்கலையா?" என்றாள்.

"கேட்டான் மக்கா. நாந்தான் வேண்டாம்னேன்."

"ஏன்?"

அதை முத்துக்கனிதான் சொன்னாள். முருகதாஸுக்குப் பெண் பார்த்தது குலசேகரம் பக்கம். மாப்பிள்ளை பேரில் வீடு இருந்தால்தான் பெண் என்று சம்பந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சரி, கல்யாணத்துக்கு முன்னாலேயே எழுதிவிடலாம் என்று போனார்கள். பத்திர எழுத்தர், 'ஆயுசு வரை சோறு, துணி, இருப்பிடம் மகன் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கட்டுமா' என்று கேட்டார். பகவதியப்பனுக்கு அடுக்களை காணல் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணம் கழிந்து பெண் வீட்டார் பாத்திரம் பண்டத்தோடு வந்து, பெண் புழங்கப் போகிற அடுக்களையைப் பார்த்துவிட்டுப் போவார்களே, அது. வருகிறவர்கள் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் படித்தால்? சோறு போடுவானோ மாட்டானோ என்று சந்தேகப்பட்டு எழுதி வாங்கிய அப்பன் என்று நினைப்பார்களே. மகனுக்கு அல்லவா குறைச்சல்? வேண்டாம், அந்த வரியை வெட்டும் என்று சொல்லிவிட்டார்.

"வந்தவங்க படிச்சாங்களா?"

"எங்க படிச்சானுவ? மிக்ஸி எங்க வைக்கணும், கேஸ் சிலிண்டர் எங்க வைக்கணும்னு பாத்தானுவ. ரசவடையும் பாயசமும் தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டு வண்டி ஏறிட்டானுவ," என்றாள் முத்துக்கனி.

ஷைஜா சிரிக்கவில்லை. "வரி இல்லேன்னாலும் ஒரு வழி இருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல, கோட்டாட்சியர்கிட்ட, மனு குடுக்கலாம். புள்ளைங்க பார்த்துக்குவாங்கன்னு நம்பித்தானே எழுதிக் குடுத்தோம், இப்ப பார்க்கலைன்னு சொன்னா சில கேஸ்ல பத்திரத்த ரத்து பண்ணியிருக்காங்க. ஆனா பார்க்கலைங்கறது நெசமா இருக்கணும். வீட்டுல சாப்பாடு போடுறாங்களா தாத்தா?"

"போடுகா."

"நேரத்துக்கு?"

"நேரத்துக்குப் போடுகா. மருமவ கைப்பாகம் கொள்ளாம், நல்ல ருசி. சாளை மீன் புளிமுளம் அவளப்போல வைக்க இங்க ஆளில்ல."

முத்துக்கனி அண்ணனின் தொடையில் கிள்ளினாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"துணிமணி? மருந்து?"

"கண்ணு மருந்து அவதான் விடுகா. நான் பொய் சொல்லப்பிடாதுல்லா."

ஷைஜா பேனாவை மூடி வைத்தாள். "அப்ப கஷ்டம் தாத்தா. தங்க இடம் குடுக்கணும்னுதான் சட்டத்துல இருக்கு. அது இந்த வீடாத்தான் இருக்கணும்னு இல்ல. இல்லத்துல சேர்த்துப் பணம் கட்டினா அதுவும் இடம்தான்னு சொல்லிருவாங்க. பட்டினி போட்டாங்க, அடிச்சாங்கன்னா பேசலாம். மனு எழுதித் தாறேன். ஆனா இல்லாதத எழுதமாட்டேன். அப்புறம், அங்க நான் வந்து பேசவும் பெரும்பாலும் விடமாட்டாங்க. வக்கீல் வேண்டாம்னுதான் அந்தச் சட்டத்துலயே போட்டிருக்கு. நீங்களேதான் சொல்லணும்."

"வக்கீலே வேண்டாத கேஸுக்கா தாயே நாங்க இந்த ஏறு ஏறி எறங்கினோம்?" என்றாள் முத்துக்கனி. ஷைஜா மனுவை எழுதினாள். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. அது முத்துக்கனிக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. ஜெயிக்கிற கேஸுக்கு எவனாவது காசு வேண்டாம் என்பானா?

மனுவைக் கொடுத்துவிட்டு அன்று மதியம் தோவாளைக்கே போனார்கள். சாயங்காலப் பூ வந்து குவிந்து கிடந்தது. முத்துக்கனி நாரை நனைத்து வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கினாள். மலைக் கணவாய் வழியாக வந்த காற்று கதவைப் படார் படாரென்று அடித்தது. ஒரு கல்லை அண்டை கொடுத்தாள். அறைக்குள் பகவதியப்பன் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"இங்க வந்து எங்கூட இருந்திரும் அண்ணே. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கிட்டுக் கிடப்போம்."

"ஒண்ணுக்குப் போகணும்னாலும் உன்ன எழுப்பணும். ஒரு நா ரெண்டு நா எழுப்பலாம்." காலை மடக்கிக்கொண்டு, "வீட்டுலன்னா நானே போயிருவேன்," என்றார்.

அம்மா செத்த பிறகு முத்துக்கனியை வளர்த்தவர் இவர்தான். மில்லில் அவித்த நெல்லைக் காயப்போடும் களத்தில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டே காலால் நெல் கிளறியவர். அந்தக் கால்கள் இப்போது அவளுடைய எட்டுக்கு எட்டு அறையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடங்கிக் கிடந்தன. ஆற்றாமையில் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சோறு போடுகா, சோறு போடுகான்னு வாய நெறச்சு சொன்னீரே. நாளையிலயிருந்து திங்காதயும். அவ போட்டா, வேண்டாம்னு தள்ளும். மெலிஞ்சு போய் ஆபீசர் முன்ன நின்னா அவனுக்கே தெரியும். நான் மத்தியானம் மத்தியானம் எதாவது கொண்டு வாறேன்."

"சரி," என்றார் பகவதியப்பன்.

மறுநாள் ஆதிரா சம்பா அரிசிச் சோறும் முருங்கைக்காய்த் தீயலும் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டு மூடியபடியே இருந்தது. இராத்திரி தோசை சுட்டாள். அதுவும் இருந்தது.

"மாமா, எதுக்காக்கும் சாப்பிடாம இருக்கியோ? கறி பிடிக்கலியா? சொகமில்லியா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மக்கா. வேண்டாம்."

"எனக்க மேல எதும் கோவமா?"

"உன் மேல எனக்கென்ன கோவம்? நீ நல்ல பிள்ளை."

நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டே சோற்றைத் தள்ளுகிற மாமனாரை அவள் என்னவென்று எடுத்துக்கொள்வாள்? அடுத்த நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுச் சாளை வாங்கி வந்து புளிமுளம் வைத்தாள். மணம் வீடெல்லாம் நிறைந்தது. பகவதியப்பன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். வாழை மூட்டில் உட்கார்ந்து, பசியில் தலை கிறங்க, மட்டையை முடைந்துகொண்டே இருந்தார். ஆதிரா அடுக்களையில் நின்று அழுதாள். போன் பண்ணிப் புருஷனிடம், "அப்பாக்கு என்னமோ செய்யுது. வக்கீலக் காணப் போனாவன்னு நீங்க சொன்னப்பளே எனக்குப் பயமாக்கும்," என்றாள்.

இரண்டு நாளாகப் பூக்கட்டு முடியாமல் வர முடியாத முத்துக்கனி, மூன்றாம் நாள் தூக்குவாளியில் சோறோடு, ஆதிரா இல்லாத நேரம் பார்த்து வந்தாள். அண்ணனின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"எழும்பும். வாயத் தொறயும். உருட்டித் தாறேன்."

"வேண்டாம் ஏட்டி."

"யாரு பாக்கா? நம்ம ரெண்டு பேருந்தானே இருக்கோம்."

"நீ கொண்டாறத தின்னுட்டு, ஆபீசர்ட்ட பட்டினி கிடந்தேன்னு சொன்னா அது பொய்யில்லா?"

முத்துக்கனி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "எனக்க அண்ணே, நான் உம்ம சாகவா சொன்னேன்? அவ சோத்த திங்காதயும், எஞ்சோத்த தின்னும்னு சொன்னேன். அப்பம் இத்தன நாளும் ஒண்ணுமே தின்னலியா?"

"தண்ணி குடிச்சேன். கட்டன்காப்பி குடிச்சேன்."

"மடையா! மூதி! உமக்கு நெல்லு அவிக்க மட்டுந்தான் தெரியும்!" அவள் அடித்தே விட்டாள், தோளில். அடித்த கையாலேயே அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஒரு உருண்டை, ஒரே ஒரு உருண்டை என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு காலமும் ஒரு பொய் சொல்லாமல் கழித்த மனுஷன், ஒரு பொய்யை உண்மையாக்குவதற்குத் தன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு புத்தியும் இல்லை என்று எனக்கும் உங்களுக்கும் தெரிகிறது. அவருக்குத் தெரிந்த நேர்மை அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் விழுந்து கிடந்தார். தொட்டியின் விளிம்பு நெற்றியில் இடித்து இரத்தம் கட்டியிருந்தது. ஆதிராதான் பார்த்தாள். அவளே அலறி, அவளே ஆட்டோ பிடித்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். குளுக்கோஸ் ஏறியது. டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் சரியாகப் பதில் சொன்னார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு மட்டும் பேசாமல் இருந்தார். அது ஆபீசரிடம் சொல்ல வேண்டியது என்று வைத்திருந்தார். காரணமில்லாமல் சாப்பாட்டை ஒதுக்குகிறார், கண்ணும் இல்லை, இனி தனியாக விடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

முருகதாஸ் எமர்ஜென்சி லீவில் பறந்து வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான். "எப்பா, நான் எதுக்கு அங்க கிடந்து சாகுகேன்? உங்கள இப்பிடி விட்டுட்டு எப்பிடிப்பா இருப்பேன்?" அது நடிப்பில்லை. பகவதியப்பன் தடவி அவன் தலையைக் கண்டுபிடித்து, கையை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்ற முத்துக்கனியிடம் அவன் வந்தான். "அத்தே, இனி அந்த வீட்டுல அப்பாவ விட முடியாது. கெணத்துக்குள்ள விழுந்திருந்தா என்ன செய்வியோ? டாக்டரே சொல்லிட்டாரு."

தான் மூட்டிய தீதான் என்று முத்துக்கனிக்குத் தெரியும்.

விசாரணை ஆவணியில் வந்தது. ஓணத்துக்குப் பூ ஏற்றும் நாட்கள். தோவாளையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எந்தப் பூக்காரியும் வீட்டுக்குப் போகாமல் கட்டுகிற நேரத்தில் முத்துக்கனி வேலையை விட்டுவிட்டு வந்து ஆபீஸ் வராந்தாவில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் லீவை நீட்டி நின்ற மகனும், மருமகளும். நடுவில் யாரும் சண்டை போடவில்லை. ஆதிரா பிளாஸ்கிலிருந்து நாலு பேருக்கும் சாயா ஊற்றினாள். அத்தைக்கு முதலில் கொடுத்தாள்.

அதிகாரி பொறுமைசாலி. மனுவைப் படித்தார், பத்திரத்தைப் பார்த்தார், டாக்டர் எழுதியதையும் பார்த்தார்.

"பெரியவரே, மகன் உங்களைப் பார்த்துக்கறாரா?"

"பாக்கான் சார்."

"மருமகள் சாப்பாடு போடறாங்களா?"

"போடுகா சார்."

"அப்புறம் எதுக்கு மனு?"

"வீட்ட விக்கப்பிடாது சார். நான் கண்ண மூடுகது வரைக்கும் மட்டும். பெறவு அவன் என்னமும் செய்யட்டு."

"வீடு அவர் பேருக்கு நிபந்தனையில்லாம நீங்களே எழுதிக் குடுத்தது. அவர் உங்களைக் கைவிட்டிருந்தா நான் தலையிடலாம்." அதிகாரி ஒரு காகிதத்தைத் திருப்பினார். "சாப்பாடு போட்டும் இத்தனை நாள் சாப்பிடாம இருந்திருக்கீங்க. ஏன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் பகவதியப்பன் காத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேஸுக்காக்கும் சார்."

"என்னது?"

"பட்டினி கிடந்தாத்தான் கேஸு நிக்கும்னு சொன்னாவ. அதனால திங்கல. ஒரு வாய் திங்கல சார், வேற எங்கயும் திங்கல. பொய்யில்ல."

முருகதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "இப்பிடித்தான் சார் ஆயிட்டாவ," என்றான் மெதுவாக. அதிகாரி பகவதியப்பனைப் பார்த்த பார்வையில் இரக்கம் வந்துவிட்டது. வழக்கு அந்த இடத்தில் முடிந்தது.

முத்துக்கனி எழுந்தாள். "அவரு சொல்லுகது நெசம் சார். புத்தி பெசகெல்லாம் இல்ல. நாந்தான் திங்காதேன்னு சொல்லிக் குடுத்தேன்."

"நீங்க யாரு?"

"தங்கச்சி."

"இந்தச் சொத்துல உங்களுக்குப் பங்கு ஏதாவது?"

"ஒரு செங்கல் கிடையாது சார். எனக்கு வேண்டவும் வேண்டாம்."

"அப்புறம், கண்ணு தெரியாத இந்த வயசுல ஒரு மனுஷனைப் பட்டினி கிடக்கச் சொல்லிக் குடுத்தது எதுக்கு அம்மா? செத்துப் போயிருந்தா?"

தோவாளைச் சந்தையையே அடக்கி வைத்த அந்த வாய் திறந்து, மூடியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆதிரா அவள் கையைப் பிடிக்க வந்தாள். முத்துக்கனி கையை இழுத்துக்கொண்டாள்.

மகன் இல்லத்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், லீவில் வரும்போது கட்டாயம் வந்து பார்க்க வேண்டும் என்று அதிகாரி எழுதச் சொன்னார். முருகதாஸ் எல்லாவற்றுக்கும் சரி என்றான். எழுதாவிட்டாலும் அவன் செய்யக்கூடியவன்தான்.

"சார்," என்றார் பகவதியப்பன். "அங்க போனா எனக்குக் கண்ணு தெரியாது."

அதிகாரி குனிந்து, குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டார். "இப்ப மட்டும் தெரியுதா பெரியவரே?"

"வீட்டுல தெரியும் சார்."

அதிகாரி முருகதாஸைப் பார்த்தார். முருகதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பினான்.

ஓணம் கழிந்து வீடு பதிவாயிற்று. வாங்கியவர் கட்டிடத்தை இடிக்கப் போவதாகப் பேச்சு. முருகதாஸ் அப்பாவை இல்லத்தில் சேர்த்து, மெத்தையும் மின்விசிறியும் சரியாக இருக்கிறதா என்று தானே சோதித்து, சுவிட்சைக்கூட மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். ஆதிரா ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வந்து போகிறாள் என்று சொன்னார்கள்.

முத்துக்கனிக்குப் போக மனம் வரவில்லை. எந்த முகத்தோடு போவது? கடைசியில் ஒரு நாள் சந்தை முடிந்ததும் குளித்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். வெள்ளையடித்த நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், எல்லாக் கட்டிலிலும் ஒரே மாதிரி நீல விரிப்பு. பகவதியப்பன் தன் கட்டிலின் ஓரத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது.

"அண்ணே."

"முத்தா? பூ மணத்துச்சு. நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"சாப்பிட்டீரா?"

"சாப்பிட்டேன். இங்க நேரத்துக்குப் போடுகாவ. இனி எதுக்குத் திங்காம இருக்கணும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அவள் முதுகில் தட்டினார். "நீ அழாத. நீ என்ன செய்வ? நான் அந்த வக்கீல் பிள்ளட்ட சோறு போடலன்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கணும். எனக்கு வரல்ல," என்றார்.

மாலை வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் வராமல் கூடம் முழுக்க டியூப்லைட் எரிந்தது. யாரோ இருமினார்கள். ஒரு பணிப்பெண் வந்து, "தாத்தா, பாத்ரூம் போகணும்னா மணி அடிக்கணும், எழும்பி நடக்கப்பிடாது, கேட்டேளா?" என்று நினைவுபடுத்திவிட்டுப் போனாள். அவர் பிள்ளையைப்போலத் தலையாட்டினார்.

அவள் புறப்பட எழுந்தபோது அவர் அவள் முந்தானையைப் பிடித்தார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கட்டா? இவுகட்ட கேக்க வெக்கமா இருக்கு."

"கேளும்."

"இங்க கெழக்கு எந்தப் பக்கம்?"

முத்துக்கனி சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் சுவர், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு சுவர். வந்த வழியை, பஸ் நின்ற இடத்தை, வெயில் அடித்த தோளை எல்லாம் யோசித்து ஒரு வழியாகக் கண்டுபிடித்தாள். அவரை எழுப்பி, இரண்டு தோளையும் பிடித்து, அந்தத் திசைக்குத் திருப்பி நிறுத்தினாள்.

"இதாக்கும் அண்ணே."

பகவதியப்பன் கையை நீட்டிச் சுவரைத் தேடினார். நீட்டிய கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.